கண்ணில் குறையில்லை, முகம்தான் புரியவில்லை

ஓய்வு பெற்று நான்கு மாதம் இருக்கும். தேனியில் நான் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து ஜெயந்தி போன் செய்தாள். என் இடத்தில் இப்போது இருக்கும் கண் பரிசோதகர் அவள். மனநலப் பிரிவுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம். திரையில் புள்ளிகள் ஓடும், கோடுகள் தெரிந்து மறையும், முகங்கள் வந்து போகும். மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் தினமும் அதன் முன் உட்கார்ந்து பார்த்துப் பழக வேண்டும். அந்தப் பயிற்சியை நடத்தும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"ரஹ்மத் அக்கா, நீங்க இத அந்தக் காலத்துலயே அட்டைய வச்சுச் செஞ்சீகளாமே. இது வேலைக்கு ஆகுமா ஆகாதா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

ஆகும் என்றும் சொல்ல வாய் வரவில்லை, ஆகாது என்றும் வரவில்லை. நடந்ததை எழுதித் தருகிறேன், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லி போனை வைத்தேன்.

எனக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம். மதுரையில் இரண்டு வருடம் படித்துக் கண் பரிசோதகர் ஆனேன். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் பெரும்பாலும் முகாம்களிலேயே கழிந்தது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஜீப்பில் குலுங்கிப் போய், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு முன்னால் எழுத்து அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, தேயிலை பறிக்கும் பெண்களை வரிசையில் நிறுத்திக் கண் பார்த்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு "கண்ணு தெரியல" என்று சொல்லிவிடுவார்கள். சொல்வதை மட்டும் கேட்டு எழுதக்கூடாது, கண்ணையும் பார்க்க வேண்டும் என்று அங்கே பழகிக்கொண்டேன். 1996-இல் தேனி மருத்துவமனையில் நிரந்தர வேலை கிடைத்தது. இருட்டாக்கிய ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, சோதனைக் கண்ணாடிகள் அடுக்கிய ஒரு பெட்டி. அதுதான் என் உலகம்.

மனநலப் பிரிவிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். அங்கே கொடுக்கும் மாத்திரைகளில் சிலவற்றுக்குக் கண் மங்கும். அதனால் கண் பார்த்துவரச் சொல்லிச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். நானும் பார்த்து எழுதிக் கொடுப்பேன். ஐந்து வருடம் அப்படித்தான் போயிற்று.

ஒருநாள் வந்தவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. தூரப் பார்வை ஆறுக்கு ஆறு. கிட்டப் பார்வையும் குறையில்லை. கடைசியாகப் பேனாவை அவர் முகத்துக்கு எதிரே ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் தொடரச் சொன்னேன். பேனாவை மெதுவாக இடமிருந்து வலம் கொண்டுபோனால் நம் கண் அதோடு வழுக்கிக்கொண்டே வரும். அவருக்கு அப்படி வரவில்லை. பேனா போகும், கண் நின்றுவிடும், பிறகு ஒரு தாவு தாவிப் பிடிக்கும். மறுபடி நிற்கும். நாலைந்து தடவை செய்து பார்த்தேன், அதே மாதிரிதான். கண்ணை இழுக்கும் தசைகளில் ஒரு குறையும் இல்லை. சீட்டில், "பார்வை 6/6. பொருளைத் தொடரும்போது கண் தத்தித் தத்திப் போகிறது. காரணம் தெரியவில்லை" என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர் மரகதவல்லி என் அறைக்கே வந்துவிட்டார். மனநலப் பிரிவுக்கு அவர் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"காரணம் தெரியலைன்னு எழுதியிருக்கீங்க. இந்த ஆஸ்பத்திரியில அப்படி ஒரு சீட்டு நான் பாத்ததே இல்லை" என்றார். பாராட்டா, கண்டிப்பா என்று எனக்குப் புரியவில்லை. அவர் நோயாளியின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்றார். அவர் கண் வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு பேனாவை வாங்கி எனக்குச் செய்து பார்த்தார்.

அவருடைய பழக்கம் எல்லாமே அப்படித்தான். எந்தப் பரிசோதனையையும் தன்னிடம் செய்து பார்க்காமல் நோயாளியிடம் செய்யமாட்டார். நோயாளியின் நாற்காலியை விடத் தாழ்வான முக்காலியில்தான் உட்காருவார். அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுவார். 'நோயாளிக்கு மாயத் தோற்றம்' என்று அவர் எழுதி நான் பார்த்ததில்லை. 'சுவத்துல இருக்குற ஆணி என்னைய முறைக்குது என்கிறார்' என்றுதான் இருக்கும். கேள்வி கேட்டுவிட்டு அவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார், பக்கத்தில் நிற்கும் நமக்கு இருமல் வந்துவிடும். வீட்டு ஆட்கள், "எப்ப டாக்டர் சரியாகும்?" என்று கேட்டால், "தெரியலை, பாப்போம்" என்பார். முதலில் பலருக்கு அது பிடிக்காது. நாளாக நாளாக அந்தச் சொல்லை நம்பித்தான் அவரிடம் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த நோயில் காதில் குரல் கேட்பதும் சந்தேகம் வருவதும் எல்லோருக்கும் தெரியும், சிலருக்குப் பார்ப்பதும் சிதறிப்போகிறது என்று அவர் எனக்கு விளக்கினார். கண் ஒழுங்காகத்தான் கொண்டுவந்து கொடுக்கிறது, அதைச் சேர்த்துக் கட்டும் வேலை மூளைக்குள் தடுமாறுகிறது. பழக்கினால் அது கொஞ்சமாவது சீராகுமா என்று வெளிநாடுகளில் சிலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். விவரம் தனக்கும் முழுதாகத் தெரியாது என்றார். "மருந்தை நிறுத்தாம, யாருக்கும் கெடுதல் வராம, நாமளும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாக்கலாமா?" என்று கேட்டார். எனக்கு நாற்பத்தொன்பது வயது. வேலையில் இனிமேல் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று இருந்தவளுக்கு, படிக்கப் போன முதல் நாள் போல இருந்தது.

சார்ட் அட்டையில் நானே வரைந்தேன். கண்டபடி சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோடுகளுக்கு நடுவே சில கோடுகள் மட்டும் சேர்ந்து ஒரு வட்டமாகவோ இலையாகவோ நிற்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். போகப் போக அட்டைகள் கடினமாகும். நமக்குச் சட்டென்று தெரியும் வட்டம் அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. விரலால் தொட்டுக் காட்டிய பிறகும், "கோடுதான் இருக்கு, வட்டம் எங்கன இருக்கு?" என்று கேட்டார்கள்.

தேவதானப்பட்டியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்துகொண்டிருந்தார். புத்தகத்தைத் திறந்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்று படிப்பதையே விட்டிருந்தார். ஒரே ஒரு வரி தெரிகிற மாதிரி அட்டையில் சன்னல் வெட்டி, புத்தகத்தின்மேல் நகர்த்திப் படிக்கச் சொன்னோம். ஒரு மாதத்தில் இரண்டு வரி சன்னல், பிறகு நாலு வரி. அவர் மறுபடி செய்தித்தாள் படித்தார். அதே வாரம் ஓர் இளைஞர், இந்தக் கோடுகள் வழியாகத் தன் மூளைக்குள் எதையோ அனுப்புகிறோம் என்று சொல்லி அட்டையைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்கு நோய் கூடியது. அதற்கு அட்டை காரணமா, இல்லையா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. அந்த இளைஞர் முன்னால் போய் நின்று, "உங்ககிட்ட நல்லாக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். என் தப்பு" என்றார். ஒரு டாக்டர் நோயாளியிடம் அப்படிச் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு முதலில் அனுமதி, பிறகுதான் அட்டை.

முருகேஸ்வரி எங்களிடம் வந்தது அதற்கு அடுத்த வருடம்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். கம்பத்தில் ஏலக்காய் கோடவுனில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலை. கணவன் பாண்டி, தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிப் போய்ச் சாயங்காலம் இறக்கிவிடும் ஜீப்பின் டிரைவர். ஆறு வயதில் ஒரு மகள், கார்த்திகா. நோய் வந்து இரண்டு வருடமாகியும், புருஷன் தன்னைக் கொல்லத் திட்டம் போடுகிறான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தும், வீட்டில் யாருக்கும் அது நோய் என்று புரியவில்லை. ஒருநாள் படுத்திருந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கக் குனிந்திருக்கிறது பிள்ளை. முருகேஸ்வரிக்குத் தெரிந்தது தன்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும் வேறொரு முகம். பிடித்துத் தள்ளிவிட்டாள். வாசற்படியில் மோதி நெற்றி பிளந்து பிள்ளைக்கு நாலு தையல். மறுநாளே பாண்டி மகளைப் பக்கத்தில் கூடலூரில் இருக்கும் தன் அம்மா வீட்டில் விட்டான். முருகேஸ்வரியை அவளுடைய அண்ணன் சின்னமனூரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, அங்கிருந்து எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

மாத்திரை வேலை செய்தது. குரல்கள் குறைந்தன, தூக்கம் வந்தது, பேச்சு தெளிவானது. பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினாள். ஆனால் முகங்கள் மட்டும் திரும்பவில்லை. யாரைப் பார்த்தாலும் கோபமாகத் தெரிந்தார்கள், அல்லது ஒன்றுமே தெரியவில்லை. முகங்கள் எப்படித் தெரிகின்றன என்று கேட்டுவிட்டு டாக்டர் வழக்கம்போலக் காத்திருந்தார். முருகேஸ்வரி சொன்னாள்.

"மூக்கு தெரியுது. வாயி தெரியுது. கண்ணு தெரியுது. எல்லாந் தனித்தனியாத் தெரியுது டாக்டர். சேந்து ஒரு ஆளாத் தெரிய மாட்டேங்குது."

கண் பார்த்தேன், ஆறுக்கு ஆறு. காய் பொறுக்குகிற கண்ணாயிற்றே என்று டாக்டருக்கு ஓர் ஆவல். தரம் பிரிக்காத ஏலக்காய் கொஞ்சம் வாங்கிவரச் சொல்லி, ஒரு முறத்தில் அவள் முன்னால் வைத்தோம். அவள் கை தானாகவே ஓடியது. கால் மணி நேரத்தில் ஐந்து குவியல். நல்ல பச்சை, இளம்பச்சை, வெளுத்தது, வெடித்தது, பூச்சி கடித்தது. முதல் இரண்டு குவியலுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. இவ்வளவு நுணுக்கம் பார்க்கிற கண்ணுக்கு ஒரு சிரிப்பு ஏன் தெரியவில்லை? அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு அதே யோசனைதான்.

முகப் பயிற்சிக்குப் படங்கள் வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களையே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய் எடுத்தோம். சமையல்கார அம்மா, வாட்ச்மேன், இரண்டு நர்ஸ்கள். ஒவ்வொருவரும் சிரிப்பு, கோபம், பயம், வருத்தம், ஆச்சரியம், அருவருப்பு என்று ஆறு முகம் காட்ட வேண்டும். வாட்ச்மேனின் கோபம் வயிற்றுவலி மாதிரி இருந்தது. படங்களைத் தடித்த அட்டையில் ஒட்டினேன்.

அவள் எங்கே பார்க்கிறாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ஒரு வழி தோன்றியது. ஒரு பெரிய அட்டையின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஓட்டை போட்டு, அதைச் சுற்றி நாலு படங்களைப் பொருத்தினேன். அட்டையை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஓட்டை வழியாக அவள் கண்களையே பார்த்தேன். நாம் முகத்தைப் பார்க்கும்போது நம் கண் சும்மா இருப்பதில்லை. இந்தக் கண், அந்தக் கண், வாய், மறுபடி கண் என்று ஓடிக்கொண்டே இருக்கும், நமக்கே தெரியாது. அவள் கண் ஓடவில்லை. காதோரமோ சட்டைக் காலரோ, எங்கே முதலில் விழுந்ததோ அங்கேயே நின்றது.

அதனால் ஓட வைப்பதுதான் பயிற்சி என்று முடிவு செய்தோம். குச்சியால் தொட்டுக் காட்டுவேன். வலது கண், இடது கண், மூக்குக்குப் பக்கத்து மடிப்பு, வாயின் இரண்டு ஓரம். பிறகு குச்சி இல்லாமல் அவளே. பிறகு இது என்ன முகம் என்று சொல்ல வேண்டும். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். முதலில் பத்துக்கு இரண்டு சரியாகச் சொன்னாள். ஏழு வாரத்தில் பத்துக்கு ஒன்பது வந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மதிப்பெண் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அதே படங்களைப் புதிதாகப் பிரதி எடுத்து, புதிய அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தார். முருகேஸ்வரி பத்துக்கு மூன்று சொன்னாள்.

பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வாட்ச்மேனின் கோபத்துக்கு இடது மூலையில் பசைக் கறை. நர்ஸின் பயத்துக்கு ஓரம் மடங்கியிருந்தது. சமையல்கார அம்மாவின் சிரிப்பில் என் கைரேகை. முருகேஸ்வரி முகத்தைப் படிக்கவே இல்லை, அட்டையைப் படித்திருக்கிறாள். காய் பொறுக்குகிற கண், சின்னக் குறையைத்தானே முதலில் பிடிக்கும். மதிப்பெண் ஏறத் தொடங்கியதும் ஓட்டை வழியாகப் பார்ப்பதை நான்தான் விட்டுவிட்டேன். பார்த்திருந்தால், அவள் கண் அட்டையின் மூலைக்குப் போவது அப்போதே தெரிந்திருக்கும்.

முருகேஸ்வரி அழுதாள். ஏமாற்ற நினைக்கவில்லை என்றாள். "நீங்க சந்தோசப்பட்டீக அக்கா, அதான் சரின்னு நெனச்சேன்." என் சந்தோஷம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். குரலை வைத்துத் தெரிந்துகொண்டாளாம்.

இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. டாக்டர் விடவில்லை. முக்காலியை இழுத்து அவள் எதிரே போட்டுக்கொண்டு, "முருகேஸ்வரி, நாங்க சொல்லிக்கொடுத்தது சரியா வரலை. காய் பொறுக்க உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா, எப்படிச் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "ஒரு காய ஒரு பக்கமாப் பாத்தா ஏமாத்திப்புடும் டாக்டர். மொறத்துல போட்டு உருட்டணும். உருளும்போதுதான் வெடிப்புத் தெரியும்." பிறகு தயங்கித் தயங்கி என்னைப் பார்த்துச் சொன்னாள். "படத்துல மூஞ்சி உருள மாட்டேங்குதுல்ல அக்கா."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து படங்களை மூட்டை கட்டிவிட்டோம். காலையில் புறநோயாளிகள் சீட்டு வாங்கும் வரிசைக்கு எதிரே ஒரு பெஞ்சில் நானும் அவளும் உட்காருவோம். யாரையும் முறைத்துப் பார்க்கக் கூடாது, கேலி கூடாது, ஒருவரைப் பற்றிப் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று டாக்டர் மூன்று கட்டளை போட்டிருந்தார். ஒருவரைத் தேர்ந்தெடுப்போம். கண், கண், வாய் என்று ஓட்டிப் பார்த்து, முகம் மாறும்போது என்ன மாறுகிறது என்று சொல்ல வேண்டும். முதலில் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் பிடித்தாள். "புருவம் ஏறுது." "வாயி இறுகுது." மூன்றாவது மாதத்தில் ஒருநாள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "அந்தப் பிள்ளைக்கி இப்பத்தான் காய்ச்சல் விட்ருக்கு போல" என்றாள். புருவத்தையும் காணோம், வாயையும் காணோம், ஆளாகவே சொல்லிவிட்டாள். போய்க் கேட்டேன். நேற்றுதான் காய்ச்சல் விட்டது என்றாள் அந்தப் பெண்.

இன்னொரு நாள் ஒரு பெரியவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கோபம் என்றாள் அவள், நானும் கோபம் என்றேன். பிறகு பார்த்தால் அவர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு, பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார். கண் பரிசோதகர் நான், எனக்கே தெரியவில்லை! முருகேஸ்வரி சிரித்தாள். எங்களிடம் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, பயிற்சியில் இன்னொன்றைச் சேர்த்தார். சந்தேகமாக இருந்தால் ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடு. என்ன சொல்லிக் கேட்பது என்றும் பழக்கினோம். "நீங்க கோவமா இருக்கீகளா?" என்று என்னிடமே ஐம்பது தடவையாவது கேட்டிருப்பாள்.

பாண்டி முதலில் வர மறுத்தான். பிள்ளையைக் கூட்டிவருவது இருக்கட்டும், தானே வரமாட்டேன் என்றான். டாக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். கடைசியில் வந்தான், கார்த்திகாவையும் கூட்டிக்கொண்டு. பிள்ளையை என் அறையில் விட்டுவிட்டு முதலில் அவன் மட்டும் டாக்டர் அறைக்குள் போனான். நான் கதவோரம் நின்றேன். ஏதாவது நடந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை.

நல்ல உயரம், தடித்த மீசை. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, தாடை இறுக, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அது சுத்தமான கோபமாகத்தான் பட்டது. முருகேஸ்வரி அவன் முகத்தையே பார்த்தாள். அவள் கண்கள் ஓடுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"நீங்க கோவமா இருக்கீகளா?" என்று கேட்டாள்.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இல்ல, பயமா இருக்கீகளா?"

அவன் தாடை ஆடியது. "பயமாத்தேன் இருக்கு" என்றான். "ஒன்னையக் கண்டும் பயமா இருக்கு, பிள்ளைய நெனச்சும் பயமா இருக்கு. அங்கன எங்காத்தா வீட்டுல பிள்ளை அடுப்புப் பக்கம் போனாக்கூட நீ வந்துருவியோன்னு இருக்கு." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

முருகேஸ்வரி தலையை ஆட்டினாள். அந்தப் பதிலில் அவளுக்கு நிம்மதி வந்ததுபோல இருந்தது. அவளைப் பார்த்துப் பயப்படுகிற ஒருவன் அவளைக் கொல்லத் திட்டம் போடமாட்டான் அல்லவா?

பிறகு பிள்ளையை அழைத்துப் போனேன். கார்த்திகா என் விரலைப் பிடித்தபடி நடு அறை வரை வந்து நின்றது. நெற்றியில் வெள்ளையாக ஒரு கோடு. அம்மாவைப் பார்த்தது. சிரிக்கவில்லை, அழவில்லை, பயந்து பின்னால் ஒதுங்கவும் இல்லை. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. அம்மாவைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முருகேஸ்வரி பார்த்துப் பார்த்துத் தவித்துப்போய் என் பக்கம் திரும்பினாள்.

"இது நாம பாத்ததுல எதுலயும் இல்லையே அக்கா" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. கேள் என்று கையால் சைகை காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள், பிள்ளையின் உயரத்துக்கு.

"என்னத்தா பாக்குற?"

"ஒன் மூஞ்சியத்தேன்" என்றது பிள்ளை. "கோவமா இருக்கியான்னு பாக்குறேன்."

இத்தனை மாதமாக நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததை, அந்தப் பிள்ளை யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்துகொண்டு நின்றது. முருகேஸ்வரி இல்லை என்று தலையாட்டினாள். பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு என் விரலை விட்டது. ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் போய், அம்மாவின் முழங்கையில் ஒரு விரலை வைத்தது. அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்தடுத்த வாரங்களில் பாண்டி பிள்ளையைக் கூட்டிவந்தான். ஆறு மாதம் கழித்து முருகேஸ்வரி கம்பத்துக்குத் திரும்பினாள். முதலில் பாண்டியின் அம்மாவும் கூடவே வந்து இருந்தார், பிறகு ஊருக்குப் போய்விட்டார். கோடவுனில் அரை நாள் வேலை கொடுத்தார்கள். குரல்கள் முழுதாகப் போகவில்லை. கேட்கிறது, கண்டுகொள்வதில்லை என்பாள். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. மாதம் ஒருமுறை தேனிக்கு வந்து மருந்து வாங்கும்போது என் அறைக்கும் ஓர் எட்டு வந்து போவாள்.

இதை எழுதி ஏதாவது மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பலாமே என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் ஒப்பவில்லை. "ரஹ்மத், இது ஒரே ஒரு ஆள். மருந்தும் சாப்பிட்டா. நாம தினம் பக்கத்துல உட்கார்ந்து பேசினோம். புருஷன் வந்தான், பிள்ளை வந்துச்சு. இதுல எது வேலை செஞ்சுதுன்னு எனக்குத் தெரியலையே" என்றார். மற்ற நோயாளிகளிடமும் தொடர்ந்து செய்தோம். சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. சிலருக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஜெயந்திக்குக் கொடுத்துவிடுவேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருடம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மருத்துவமனை திறக்கும்போதே முருகேஸ்வரி வாசலில் நின்றாள். மருந்து வாங்கும் நாள் அல்ல. தனியாக வந்திருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். தலை சீவிப் பூ வைத்து, எப்போதும்போலத்தான் இருந்தாள். எனக்கு எந்த வித்தியாசமும் படவில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன்.

"மாத்திரையக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க டாக்டர். மறுபடி ஆரம்பிக்குது" என்றாள்.

டாக்டர் அவளை நன்றாகப் பார்த்தார். குரல் கூடியிருக்கிறதா, தூக்கம் குறைந்திருக்கிறதா, யார்மேலாவது சந்தேகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். பொதுவாக இந்த நோய் திரும்பும்போது வீட்டில் யாராவது அடிபட்ட பிறகுதான், ஏதாவது உடைந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும். நோயாளியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். தானாக, முன்கூட்டி, பஸ் ஏறி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. டாக்டரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்.

"ஆரம்பிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"காலையில அவுக காப்பி கொண்டாந்து குடுத்தாக டாக்டர். மொதல்ல மீசை மட்டும் வந்துச்சு. ஆளு பின்னாடி வந்தாக."

டாக்டர் பேனாவை எடுத்தார். எழுதத் தொடங்கவில்லை.

"அப்புறம்?"

"கோவமா இருக்கீகளான்னு கேட்டேன். இல்லத்தா, ஏன் கேக்குறன்னு சொன்னாக. மூஞ்சி நம்புற மாதிரி இல்ல. ஆனா நாங் கேட்டேன், அவுக சொன்னாக, அத நம்பிக்கிட்டேன். காப்பியக் குடிச்சிட்டு பஸ் ஏறிட்டேன்."